58 சதவீத போர்பனை ருசித்து மதிப்பிடுவது எப்படி? லேபிள் முதல் காலி கிளாஸ் வரை

அதிக புரூஃப் உள்ள, அதாவது ஆல்கஹால் வலிமை கூடிய, போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியை முதன்முறை கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். மல்லிகையை முகர்வதுபோல மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு ஒரே மூச்சாக இழுத்துவிடுகிறார்கள். கண்ணில் நீர் கட்டும், மூக்கு மரத்துப்போகும், அடுத்த பத்து நிமிடத்துக்கு வெனிலாவும் தெரியாது, கிராம்பும் தெரியாது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். என்னுடைய முதல் பேரல் புரூஃப் பாட்டிலில் (பீப்பாயில் இருந்த வலிமையிலேயே அடைத்தது) பாதி தீர்ந்தபோது நோட்டில் இருந்த குறிப்பு ஒன்றே ஒன்று: "ரொம்ப எரிகிறது." அந்தப் பாதி பாட்டிலை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எனக்குத் தாமதமாகப் புரிந்த விஷயம் இது. 40 சதவீத பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும் என்பதை டிஸ்டிலரியே (வடிசாலையே) முடிவு செய்து அனுப்பிவிடுகிறது. அதிக புரூஃப் பாட்டிலில் அந்த முடிவு நம் கைக்கு வருகிறது. ஆகவே இதை ஒரே நிலையில் ருசித்துவிட்டு நல்லது, சுமார் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பாட்டிலில் இருப்பதுபோல அப்படியே ஒரு முறை, 50 சதவீதத்துக்கு இறக்கி ஒரு முறை, 45க்கு இறக்கி ஒரு முறை என மூன்று நிலைகளில் பார்க்க வேண்டும்.

பழகுவதற்கு வைல்ட் டர்க்கி ரேர் பிரீட் பாட்டிலை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் லாரன்ஸ்பர்க் ஊரில் தயாராகிறது. அங்கே 1954இல் வேலைக்குச் சேர்ந்த ஜிம்மி ரஸ்ஸல் மாஸ்டர் டிஸ்டிலராக இருந்தபோது, 1991இல் வெளிவந்தது. 2017 முதல் 116.8 புரூஃபில் வருகிறது, அதாவது 58.4 சதவீதம். இந்த வகையில் பல பாட்டில்கள் ஒவ்வொரு பேட்சுக்கும் வலிமை மாறும். இது மாறாமல் இருப்பதால் கணக்குப் போட வசதி.

முதலில் லேபிள்

அமெரிக்க புரூஃப் என்பது ஆல்கஹால் சதவீதத்தின் இரண்டு மடங்கு. 100 புரூஃப் என்றால் 50 சதவீதம். நம் ஊர் பாட்டிலில் "42.8%, 75 டிகிரி புரூஃப்" என்று பார்த்துப் பழகியவர்கள் இங்கே குழம்புவது இயல்பு. அது பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் 100 டிகிரி என்பது சுமார் 57.1 சதவீதம். அந்தக் கணக்கில் ரேர் பிரீட் சுமார் 102 டிகிரி வரும். இரண்டையும் கலக்காமல் இருக்க எப்போதும் சதவீதத்தை மட்டும் பார்த்தால் போதும்.

போர்பன் என்ற பெயருக்கு அமெரிக்கச் சட்டம் கடுமையான எல்லைகள் வைத்திருக்கிறது. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும். வடிக்கும்போது 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பீப்பாய்க்குள் போகும்போது 62.5ஐத் தாண்டக்கூடாது, பாட்டிலில் 40க்குக் குறையக்கூடாது. தண்ணீர் தவிர வேறு எதுவும் சேர்க்கக்கூடாது, நிறத்துக்குக்கூட. "ஸ்ட்ரெய்ட்" என்று போட்டிருந்தால் குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் இருந்திருக்கிறது. "பாட்டில்டு இன் பாண்ட்" என்பது 1897 சட்டத்தில் வந்தது: ஒரே டிஸ்டிலரி, ஒரே பருவம், அரசு மேற்பார்வையிலான கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு, சரியாக 50 சதவீதம்.

62.5க்கு மேல் பீப்பாய்க்குள் போகக்கூடாது என்றால், 65.7 சதவீதத்தில் ஒரு பாட்டில் எப்படி வந்தது? (எலைஜா கிரெய்க் பேரல் புரூஃப் என்ற போர்பனின் சி918 பேட்ச் அந்த வலிமையில்தான் வந்தது. சி என்றால் அந்த ஆண்டின் மூன்றாவது வெளியீடு, 9 என்றால் செப்டம்பர், 18 என்றால் 2018.) பதில் கென்டக்கியின் கிடங்குகளில் இருக்கிறது. ரிக்ஹவுஸ் என்று சொல்லும் ஆறேழு மாடிக் கட்டடங்களில் மேல்தளம் கோடையில் கொதிக்கும். அந்தச் சூட்டில் பீப்பாயின் மரம் வழியாக ஆல்கஹாலைவிடத் தண்ணீர் அதிகமாக வெளியேறுகிறது. மிஞ்சியதன் வலிமை ஏறிவிடுகிறது. கீழ்தளத்தின் குளிர்ச்சியில் அப்படி ஏறுவதில்லை, சில சமயம் இறங்கவும் செய்யும். ஆகவே லேபிளில் மிகப் பெரிய எண்ணைப் பார்த்தால் மேல்தளத்தின் சூட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்: மரத்தின் சாறும் துவர்ப்பும் அதில் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. 70 சதவீதத்தைத் தாண்டியவற்றுக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் ஹாஸ்மாட், ஆபத்தான பொருள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பயணிகள் விமானத்தில் அதைக் கொண்டுபோக அனுமதி இல்லை.

தானியக் கலவையும் தெரிந்தால் நல்லது. வைல்ட் டர்க்கியில் 75 சதவீதம் மக்காச்சோளம், 13 சதவீதம் ரை என்ற தானியம், 12 சதவீதம் முளைகட்டிய பார்லி. ரை மிளகு மாதிரியான காரத்தைத் தரும். மேக்கர்ஸ் மார்க் காஸ்க் ஸ்ட்ரெங்த், லார்சனி பேரல் புரூஃப் போன்றவற்றில் ரைக்குப் பதில் கோதுமை. அவை அதே வலிமையிலும் மிருதுவாகத் தெரியும். இது தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒன்றுக்கு அநியாயம் நடக்கும்.

தயார் செய்துகொள்வது

ஒரே அளவுள்ள மூன்று கிளாஸ், வாய் குறுகி வயிறு அகன்றவை. 2001இல் வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸ் இதற்கென்றே செய்தது. அது இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, ஊசி வேண்டாம். குளோரின் வாசனை இல்லாத, உப்புக் குறைந்த தண்ணீர். ஐஸ் வேண்டாம், குளிர்ந்தால் மணம் உள்ளேயே அடங்கிவிடும்.

அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, தாளிப்பு வாசனை எதுவும் இருக்கக்கூடாது. சென்ட் போடாதீர்கள். ருசிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு காபியும் காரமான சாப்பாடும் வேண்டாம். ஆனால் வெறும் வயிற்றில் உட்காராதீர்கள், தயிர் சாதம் மாதிரி மிதமாக ஏதாவது சாப்பிட்டிருந்தால் நாக்கும் சுத்தமாக இருக்கும், தலைக்கும் ஏறாது.

ஓர் இரவுக்கு 30 மி.லி. போதும். 58.4 சதவீதத்தில் 30 மி.லி.யில் சுமார் 14 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் அதுவே முழுதாக ஒரு ஸ்டாண்டர்டு டிரிங்க். பார்ப்பதற்குக் கொஞ்சமாகத் தெரிவதால் பலர் இரண்டாவது ஊற்றுகிறார்கள். அதற்குள் நாக்கு களைத்திருக்கும், எழுதும் குறிப்பு எதையும் நம்ப முடியாது. வண்டிச் சாவியை முன்கூட்டியே வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

மூன்று கிளாஸிலும் 10 மி.லி. ஊற்றுங்கள். முதல் கிளாஸில் தண்ணீர் இல்லை. மற்ற இரண்டுக்கு அப்புறம் வருவோம்.

பத்து நிமிடம் பொறுங்கள்

ஊற்றியவுடன் மேலே ஏறி நிற்பது ஆல்கஹால் ஆவி. அது கொஞ்சம் கலையட்டும். பத்திலிருந்து பதினைந்து நிமிடம் கிளாஸைத் திறந்தபடி விடுங்கள். அந்த நேரத்தில் நிறத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சாயம் சேர்க்க அனுமதி இல்லாததால் கண்ணுக்குத் தெரியும் நிறம் முழுவதும் பீப்பாய் கொடுத்தது. ஆனால் தண்ணீர் குறைவாக இருப்பதாலும் நிறம் அடர்த்தியாகத் தெரியும். எனவே கறுப்பாக இருந்தால் வயது அதிகம் என்று முடிவு கட்ட வேண்டாம். கிளாஸின் ஓரத்தில் வழியும் கோடுகளை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

மணம்: அவசரமே வேண்டாம்

கிளாஸை முகவாய்க்கு நேரே பிடியுங்கள், மூக்குக்கு அல்ல. வாயைச் சற்றுத் திறந்து வையுங்கள். சாதாரணமாக மூச்சு விடுங்கள், இழுக்காதீர்கள். முதல் அரை நிமிடத்தில் மணம் தானாக மேலே வரும். அப்புறம் கிளாஸை மெல்ல உயர்த்துங்கள். ஒரு கட்டத்தில் மூக்கின் உள்பக்கம் சுருக்கென்று குத்தும். அந்த இடத்திலிருந்து இரண்டு விரற்கடை கீழே இறக்குங்கள். இந்த பாட்டிலுக்கு உங்கள் மூக்கு நிற்க வேண்டிய இடம் அதுதான். குட்டிக் குட்டி முகர்தல்களாக, ஒரு நாசி மாற்றி ஒரு நாசியில் பாருங்கள். கிளாஸைச் சாய்த்தால் விளிம்பின் மேல்பக்கம் ஒரு மணமும் கீழ்பக்கம் வேறு மணமும் கிடைக்கும். மூக்கு சோர்ந்தால் உங்கள் முழங்கையின் உள்பக்கத் தோலை முகருங்கள், அது உங்களுக்குப் பழகிப்போன வாசனை என்பதால் மூக்கு பழைய நிலைக்கு வந்துவிடும்.

என்ன தேடுவது? மரத்தை நெருப்பில் கருக்கும்போது அதன் லிக்னின் உடைந்து வெனிலின் உண்டாகிறது, வெனிலாவில் இருக்கும் அதே பொருள். மரத்தின் ஹெமிசெல்லுலோஸ் சூட்டில் சர்க்கரையாக மாறிக் கருகுகிறது, பாகு வாசனை அங்கிருந்து. ஓக்கில் இருக்கும் லாக்டோன்கள் தேங்காய் மணம் தருபவை. யூஜெனால் கிராம்பின் மணப்பொருளேதான். வாழைப்பழ வாசனை வந்தால் அது மரத்தால் வந்ததல்ல, ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாக்கிய எஸ்டர் என்ற மணப்பொருள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ருசிக் குறிப்பு எழுதும்போது நாம் தின்றே பார்க்காத பண்டங்களின் பெயரைக் கடன் வாங்காதீர்கள். டாஃபி என்று பாட்டில் அட்டையில் எழுதியிருக்கலாம். உங்கள் மூக்குக்குத் தெரிந்தது கருப்பட்டி என்றால் கருப்பட்டி என்றே எழுதுங்கள். மூக்கு நினைவிலிருந்துதான் பேசும், உங்கள் நினைவில் இல்லாத சொல் அடுத்த முறை உங்களுக்கே உதவாது. ரேர் பிரீடுக்கு என் நோட்டில் இருப்பது இப்படி: முதலில் கமலா ஆரஞ்சின் தோலை நகத்தால் கீறினால் வரும் எண்ணெய் வாசனை. நாலைந்து நிமிடம் கழித்து அடுப்பில் கம்பிப்பதம் தாண்டப்போகிற வெல்லப்பாகு, ஓரம் லேசாகக் கருகியது. அதற்குப் பின்னால் இடித்த மிளகு. எல்லாவற்றுக்கும் அடியில் பாட்டி வீட்டு மரப்பெட்டியைத் திறந்தால் வரும் காய்ந்த மர வாசனை.

பதினைந்து நிமிடம் ஆன பிறகும் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாசனை போகவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள். ஊற வைத்த பச்சை மக்காச்சோள வாசனை தூக்கலாக இருந்தாலும் குறியுங்கள், பெரும்பாலும் வயது போதாத சரக்கு.

வாயில்

முதல் மிடறு மதிப்பிட அல்ல, நாக்கைத் தயார்படுத்த. நாலைந்து சொட்டு போதும். நாக்கு முழுவதும் பரப்பி விழுங்கிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள், கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். மிளகாயின் காரத்தை உணரும் அதே ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால் மூளைக்கு "சூடு" என்ற செய்தி போகிறது. மிளகாய் கடித்தவுடன் சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? இதுவும் அப்படித்தான். முதல் மிடற்றை வைத்து யார் என்ன சொன்னாலும் நான் நம்புவதில்லை.

இரண்டாவது மிடறு 2 மி.லி. அளவுக்கு. வாயில் வைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்காதீர்கள், புரையேறும். எட்டு பத்து நொடி வாயிலேயே வைத்து, சோறு மெல்வதுபோல மெதுவாக மெல்லுங்கள். உமிழ்நீர் கலந்து வலிமை குறைந்துகொண்டே வரும், ஒவ்வொரு நொடியும் வேறு சுவை எழும். இதற்குக் கென்டக்கியில் "கென்டக்கி ச்யூ" என்று பெயர். ஜிம் பீம் குடும்பத்தின் புக்கர் நோ இதைப் பிரபலமாக்கினார். 1988இல் பீப்பாயில் இருந்த வலிமையிலேயே புக்கர்ஸ் என்ற பாட்டிலைக் கொண்டுவந்தவரும் அவர்தான். விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். முகரும்போது கிடைக்காத பல மணங்கள் அந்த ஒரு மூச்சில் வரும்.

குறிப்பு எழுத நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலக் குறிப்புகளில் "உலர்ந்தது" என்று சுற்றி வளைத்துச் சொல்வதற்குத் தமிழில் துவர்ப்பு என்று நேரான சொல் இருக்கிறது. அறுசுவையில் அது தனிச்சுவை. பீப்பாய் மரத்தின் டானின் தருவது துவர்ப்பு, கொட்டைப்பாக்கு மென்றால் கன்னத்தின் உள்பக்கம் இழுக்குமே, அது. கசப்பு வேறு. ரை தரும் காரம் வேறு. ஆல்கஹாலின் எரிச்சல் வேறு. நோட்டில் இனிப்பு, காரம், துவர்ப்பு, கசப்பு, எரிச்சல் என ஐந்து கட்டம் போட்டு, எது முதலில் வந்தது, எது கடைசி வரை நின்றது என்று குறியுங்கள். நல்ல பாட்டிலில் இனிப்பு முன்னால் வந்து காரம் ஏறி, துவர்ப்பு மெல்ல முடித்து வைக்கும். துவர்ப்பும் கசப்பும் மட்டுமே கடைசியில் நின்றால் மரம் சரக்கை விழுங்கிவிட்டது என்று பொருள்.

பின்சுவையைக் கடிகாரம் பார்த்து அளந்து பாருங்கள். விழுங்கிய பின் அரை நிமிடமா, ஒரு நிமிடமா, இரண்டா? சூடு எங்கே நிற்கிறது என்றும் கவனியுங்கள். நெஞ்சில் இதமாகப் பரவினால் கென்டக்கி ஹக் என்பார்கள், கென்டக்கியின் அணைப்பு. தொண்டையைச் சுரண்டினால் அது அந்த வகை இல்லை. லேபிளின் சதவீத எண்ணைவிட இதுதான் முக்கியம். 65 சதவீதத்தில் நெஞ்சோடு நிற்கும் பாட்டிலும் உண்டு, 50லேயே தொண்டையைக் கீறும் பாட்டிலும் உண்டு.

தண்ணீர் சேர்க்கும் கணக்கு

சரி, இப்போது மற்ற இரண்டு கிளாஸ். கணக்கு எளிது: விஸ்கியின் அளவை அதன் சதவீதத்தால் பெருக்கி, வேண்டிய சதவீதத்தால் வகுத்து, விடையிலிருந்து விஸ்கியின் அளவைக் கழித்தால் தண்ணீரின் அளவு. 10 மி.லி. ரேர் பிரீடை 50க்கு இறக்க 1.7 மி.லி. தண்ணீர். 45க்கு இறக்க 3 மி.லி. அதே 10 மி.லி. சி918 ஆக இருந்தால் 50க்கு வரவே 3.1 மி.லி. வேண்டும். "சில சொட்டுத் தண்ணீர்" என்று எல்லோரும் சொல்வது இவ்வளவு வலிமையான பாட்டிலுக்குப் போதவே போதாது. 10 மி.லி.யில் நாலு சொட்டு விட்டால் சுமார் ஒரு சதவீதம்தான் இறங்கும். அதனால்தான் சிரிஞ்ச் கேட்டேன்.

தண்ணீர் விட்டுச் சுழற்றி ஐந்து நிமிடம் பொறுங்கள். 46க்குக் கீழே போகும்போது லேசாக மங்கலானால் பயப்பட வேண்டாம். குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் இருக்கும் கொழுப்பு எஸ்டர்கள்தான் அது, குறை இல்லை.

தண்ணீர் விட்டால் மணம் ஏன் மாறுகிறது என்பதற்கு ஒரு விளக்கம் 2017இல் வந்தது. ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினி மாதிரியில் பார்த்தார்கள். புகை மணம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு 45 சதவீதம் வரை திரவத்தின் மேற்பரப்பை ஒட்டியே நிற்கிறது. 59க்கு மேல் போனால் ஆல்கஹால் மூலக்கூறுகள் சூழ்ந்து அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அவர்கள் பார்த்தது ஒரு மூலக்கூறைத்தான். இருந்தாலும் கிளாஸில் நாம் உணர்வதோடு அது ஒத்துப்போகிறது.

எனக்கு ரேர் பிரீடில் 50 சதவீதத்தில் ஆரஞ்சு பின்வாங்கி வெனிலாவும் பால்கோவா போன்ற இனிப்பும் முன்னே வருகின்றன. மிளகு மட்டும் அப்படியே நிற்கிறது. 45இல் நடுப்பகுதி கொஞ்சம் மெலிகிறது, ஆனாலும் பாகு வாசனை போகவில்லை. இதைத்தான் நான் முக்கியமான சோதனையாக வைத்திருக்கிறேன். சில பாட்டில்கள் வலிமையாக இருக்கும்போது கம்பீரமாகத் தெரியும். 45க்கு இறக்கினால் தேநீர்த்தூள் கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அவற்றில் இருந்தது சத்தம்தான், சரக்கு இல்லை.

கையில் வைல்ட் டர்க்கி 101 இருந்தால் இன்னொரு பயிற்சி செய்து பாருங்கள். அது 50.5 சதவீதம். 10 மி.லி. ரேர் பிரீடில் 1.6 மி.லி. தண்ணீர் விட்டால் அதே வலிமைக்கு வந்துவிடும். தானியம் ஒன்று, டிஸ்டிலரி ஒன்று, வலிமையும் ஒன்று. மிஞ்சும் வித்தியாசம் பீப்பாய்களைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. ரேர் பிரீடில் 6 முதல் 12 ஆண்டு வரையிலான பீப்பாய்கள் சேர்கின்றன. அந்த மிச்சத்தை நாக்கால் கண்டுபிடிக்கும் நாளில் உங்களுக்கு ருசிக்கத் தெரிந்துவிட்டது.

மதிப்பெண்

நூற்றுக்கு இத்தனை என்று போடுவது எனக்கு ஒத்துவரவில்லை. நான் எழுதுவது மூன்று வரி. எந்த வலிமையில் மிகச் சிறப்பாக இருந்தது? 45இல் என்ன மிஞ்சியது? இதே விலைக்கு ஒரு நல்ல பாட்டில்டு இன் பாண்ட் வாங்கியிருந்தால் இதைவிட மகிழ்ந்திருப்பேனா? மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதத் தொடங்கிய பிறகு நான் வாங்கும் பாட்டில்கள் மாறிவிட்டன.

பல பாட்டில்களை ஒப்பிடுவதானால் கண்ணை மறைத்துச் செய்யுங்கள். வீட்டில் யாராவது கிளாஸின் அடியில் எண் எழுதி ஊற்றிக் கொடுக்கட்டும். எல்லாவற்றையும் 50 சதவீதத்துக்கு இறக்கிய பிறகே ஊற்றச் சொல்லுங்கள். வலிமை வேறுபட்டால் வலிமையானதுதான் ஜெயிக்கும், மற்றவற்றின் குரல் கேட்காமல் போகும்.

பாட்டிலைத் திறந்த அன்று எழுதிய குறிப்போடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முறை, பாதி ஆனபோது ஒரு முறை பாருங்கள். முதல் நாள் முரட்டுத்தனமாக இருந்த பாட்டில் காற்றுப் பட்டுத் தணிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள், ஒயின் மாதிரி படுக்க வைத்தால் இந்த வலிமை கார்க்கை அரித்துவிடும்.

குடித்து முடித்த கிளாஸை அன்றிரவே கழுவாதீர்கள். தண்ணீர் சேர்க்காத முதல் கிளாஸை அப்படியே மேசையில் விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஆல்கஹால் முழுவதும் பறந்திருக்கும், அடியில் மெல்லிய பழுப்புப் படலம் ஒட்டியிருக்கும். இப்போது மூக்கை முழுசாக உள்ளே விடலாம், ஆழமாக இழுக்கலாம், எதுவும் குத்தாது. முந்தைய இரவின் குறிப்புக்குக் கீழே தேதி போட்டு அதையும் எழுதுங்கள். போன வாரம் நான் எழுதியது: காய்ந்த புகையிலை, கருகிய வெல்லம், கொஞ்சம் தேங்காய்.